கூரையில் கட்டிய பெட்ரோல் கேன்

எங்கள் பழைய ஜிகுலி காரின் பெட்ரோல் டாங்க் துருவேறிப் போயிற்று என்று ஒப்புக்கொள்ள என் கணவர் மெதெருக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் தேவைப்பட்டது. வண்டி ஏற்றத்தில் திக்கும், நிற்கும். அவர் இறங்கிப்போய் ஃபில்டரைக் கழற்றி ஊதுவார். சிவப்பாக ஏதோ கொட்டும். "பெட்ரோல் சரியில்ல" என்பார். நானும் தலையாட்டுவேன். கல்யாணத்துக்கு முன் சில வருஷம் டவுன் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தவள் நான். எது பெட்ரோல், எது துரு என்று எனக்குத் தெரியாதா? ஆனால் ஒரு ஆணிடம் அவன் காரைப் பற்றி உண்மையைச் சொல்வதைவிட வாயை மூடிக்கொண்டு தள்ளிவிடுவது சுலபம். தள்ளினேன்.

பனி உருகத் தொடங்கியதும் ஒருவழியாக டாங்கைக் கழற்றினார். துருவை உதிர்க்க உள்ளே ஒரு பழைய சங்கிலியையும் கொஞ்சம் டீசலையும் போட்டு, மூடி, முற்றத்தில் கட்டிப்பிடித்து உருட்டிக்கொண்டிருந்தார். அது போடும் சத்தத்தில் கோழிகள் முட்டையிடுவதையே நிறுத்திவிட்டன. கார்புரேட்டர் என் பங்கு. அவர் விரல்கள் தடித்தவை. அந்தச் சின்னச் சின்னத் திருகாணிகள் அவர் கைக்கு அகப்படாது. சமையலறை மேஜையில் பழைய எண்ணெய்த்துணியை விரித்து, பல் தேய்க்கும் பிரஷால் ஒவ்வொரு துளையாகத் தேய்த்து, ஊதி, தேநீர்த் தட்டில் வரிசையாக வைத்திருந்தேன். வீடு முழுக்க பெட்ரோல் வாசனை. ரொட்டியில்கூட அடித்தது.

இத்தனை அவசரம் எங்களுக்கு இல்லை. அவசரம் என் மூத்தாருக்கு. மெதெரின் அண்ணன். அடுத்த வாரம் அவர் மகனுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டாரை அழைத்து வர நல்லதாக நாலு கார் வரிசையாகப் போக வேண்டும், அதில் எங்கள் ஜிகுலியும் ஒன்று. எங்கள் கல்யாணத்துக்கு அந்தக் காரைக் கொடுத்தவரே அவர்தான். கொடுத்தது கொடுத்ததுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். அவர் அப்படி நினைக்கவில்லை. நாலு நாளுக்கு ஒருமுறை குதிரையில் வந்து, இறங்காமலே, வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, தன் கார் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டுப் போவார்.

இங்கே அவரை மூத்தார் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். எங்கள் பக்கத்தில் மருமகளாக வந்தவள் புருஷனின் மூத்த ஆண்களைப் பெயர் சொல்லக் கூடாது. நேருக்கு நேர் பேசுவதும் அழகில்லை. சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும், அவர் காதில் விழும். முதுகைக் காட்டக் கூடாது. எங்கள் ஆடு மேய்க்கும் பையனுக்கும் அதே பெயர்தான் என்பதால் அவனையே நான் "ஏய் தொப்பி" என்றுதான் கூப்பிடுவேன். பாவம், அவன் கோடையில் தொப்பி போடாமல் வந்தாலும் எனக்குத் தொப்பிதான். பழகிவிட்டது. பெயர் தொண்டை வரைக்கும்கூட வராது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, மாட்டுச்சந்தை நாள். ஊரில் ஓடுகிற கார் எல்லாம் விடிவதற்கு முன்பே ஆடுகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டன. மூத்தாருக்குச் சந்தையில் வேலையில்லை, கல்யாண ஆடுகளை முன்பே வாங்கிவிட்டார். ஆகவே எங்களை வறுத்தெடுக்க வந்தார். அன்றைக்கு இறங்கவும் செய்தார்.

"என்னடா மெதெர், இன்னும் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க? கல்யாணம் முடிஞ்சு பேரன் பொறக்குறதுக்குள்ளயாவது ஓடுமா?"

"ஓடும்ணே. பெட்ரோல் பம்புக்குள்ள இருக்குற ரப்பரும் கிழிஞ்சிருக்கு. புதுசு டவுன்லதான் கிடைக்கும்."

"பூட்ஸ் ரப்பரை வெட்டிப் போடு. நான் அந்தக் காரை ஓட்டுனப்ப எல்லாம் அப்படித்தான் போட்டேன்."

அதனால்தான் இப்போது கிழிந்திருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. தேநீர் எடுத்துவரப் போனேன்.

நான் திரும்பி வரும்போது மெதெர் கொட்டகை வாசலில் பெட்ரோல் டிரம்மின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். பாகங்களை அலசவும், பிறகு ஓட்டிப் பார்க்கவும் ஒரு கேன் பெட்ரோல் வேண்டும். டிரம்மில் பாதிக்கும் கீழேதான் இருந்தது. எங்கள் கைப்பம்பை இரண்டு வீடு தள்ளியிருக்கும் ஜூரா அக்கா வாங்கிக்கொண்டு போயிருந்தாள்.

"ஏங்க, ஒரு நிமிஷம் இருங்க. ஜூரா அக்கா வீட்டுல இருந்து பம்பை வாங்கிட்டு வந்துடறேன்" என்றேன்.

மூத்தார் என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்துத்தான் சொன்னார். "பம்பா? எதுக்கு? ஆண்டவன் உனக்கு வாய எதுக்குக் குடுத்திருக்கான், பொண்டாட்டிக்குப் பதில் சொல்றதுக்கு மட்டுமா? வாயால இழுடா."

மெதெர் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார். அண்ணன் முன்னால் அவருக்கு எப்போதும் பத்து வயசு குறைந்துவிடும். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஜூரா அக்கா வீட்டுக்கு ஓடினேன். பம்பும் கையுமாக நானும், பேச்சுத் துணைக்கு அவளும் வாசலுக்குள் நுழையும்போது மெதெர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். குழாய் நீளம். பெட்ரோல் ஏறவில்லை.

"உறிஞ்சுடா! பால் குடிக்கிற குட்டிகூட இதைவிட நல்லா இழுக்கும்!" என்று சொல்லி மூத்தார் அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

பெட்ரோல் மொத்தமாக வந்தது. வாயில் இருந்ததை மெதெர் விழுங்கிவிட்டார். குழாய் நழுவிக் கேனுக்குள் விழுந்து, தானாகவே சலசலவென்று நிரம்பத் தொடங்கியது. அவர் முட்டி போட்டு உட்கார்ந்து இருமினார். கண்ணெல்லாம் நீர். ஸ்வெட்டர் நனைந்திருந்தது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார் மூத்தார். ஆனால் அவர் முகம் வெளுத்துவிட்டது. "விஷம்தானே, வெளிய எடுத்துட்டாப் போச்சு. அய்ரான் கொண்டு வா! புளிச்சதாக் கொண்டு வா!"

இந்த ஊரில் எந்த விஷத்துக்கும் அதுதான் வைத்தியம். கெட்ட காளானா, ஆட்டுக்குப் போடும் மருந்தா, மகன் குடித்த சாராயமா, எதுவானாலும் ஒரு கிண்ணம் அய்ரானை, அதாவது புளித்த தயிர்மோரை, ஊற்றி, தொண்டையில் விரலை விடுவார்கள். பிழைத்தவர்கள் அய்ரானால் பிழைத்ததாகப் பேர். ஆனால் பங்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்கள் மேனேஜர் எங்களிடம் கண்டிப்பாகச் சொன்னது ஒன்று உண்டு. பெட்ரோல் வயிற்றில் இருப்பது ஒரு தொல்லை, வாந்தியோடு மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் ஆளே போய்விடுவான், அதனால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாயைக் கழுவி, உட்கார வைத்து, டாக்டரிடம் கொண்டு போங்கள் என்று. மறக்கக் கூடாது என்று சுவரில் படம் வேறு ஒட்டியிருந்தார்.

"அக்கா, வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பெட்ரோல் நெஞ்சுக்குள்ள போயிரும். அவங்ககிட்ட சொல்லுங்க" என்றேன்.

ஜூரா அக்கா சொன்னாள். "ஐனாஷ் வேணாங்குறா. நெஞ்சுக்குள்ள போயிருமாம்."

"அவளுக்கு என்ன தெரியும்? எங்க அப்பா காலத்துல இருந்து பாத்துக்கிட்டு வர்றேன். போய் எடுத்துட்டு வா!"

ஜூரா அக்கா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளும் ஒரு வீட்டுக்கு மருமகள்தானே.

"ஏங்க, வேணாம்னு நீங்களாவது சொல்லுங்க!" என்று மெதெரிடம் கத்தினேன். அவர் இருமலுக்கு நடுவே தலையை ஆட்டினார். வேண்டாம் என்றா, சரி என்றா என்று தெரியவில்லை. அண்ணன் கிண்ணத்தை வாயில் வைத்ததும் குடித்துவிட்டார். மூத்தார் ஒரு கையால் பிடரியைப் பிடித்து, இன்னொரு கை விரலைத் தொண்டைக்குள் விட்டார். மெதெர் வாந்தியெடுத்தார். நான் அங்கேயே நின்றேன். கையில் பம்பைப் பிடித்துக்கொண்டு, மரியாதையாக, முதுகைக் காட்டாமல்.

அதற்குப் பிறகு இருமல் மாறிவிட்டது. முன்பு தொண்டையில் இருந்து வந்தது, இப்போது அடி நெஞ்சிலிருந்து வந்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு விசில் சத்தம். உதடு நீலம் பாரித்தது. அவர் கை தரையில் எதையோ தேடியது. என்னைத்தான் தேடியது என்று எனக்குத் தெரிந்தது.

"இன்னும் உள்ள இருக்கு" என்றார் மூத்தார். "இன்னொரு கிண்ணம்."

மறுபடியும் பிடரியைப் பிடித்தார்.

"மாம்பெத்!" என்றேன். "மாம்பெத்! கையை எடு!"

ஜூரா அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கே அது யாருடைய குரல் என்று புரியவில்லை. பெயரைச் சொன்னது போதாதென்று ஒருமையில் வேறு. மூத்தார் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கை நின்றது. விஷயம் புரிந்து நின்றதோ, பெயரைக் கேட்டு நின்றதோ, எனக்குக் கவலையில்லை. நின்றது.

நான் மெதெரைப் பின்னாலிருந்து தூக்கி, கார்ச் சக்கரத்தில் சாய்த்து உட்கார வைத்தேன். ஸ்வெட்டரைக் கழற்றி, முகத்தைக் கழுவி, என் கோட்டைப் போர்த்தினேன். ஜூரா அக்கா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். அது மேட்டு ஊருக்கு ஒரு பிரசவத்துக்குப் போயிருக்கிறது, காத்திருக்க வேண்டாம், வண்டி கிடைத்தால் நீங்களே கொண்டு வாருங்கள் என்றார்கள்.

வண்டி. முற்றத்தில் நின்றது. டாங்க் ஒரு பக்கம், பம்பு ஒரு பக்கம், கார்புரேட்டர் என் சமையலறை மேஜையில்.

குதிரையில் வைத்துக் கொண்டு போகலாம் என்றார் மூத்தார். மூச்சு விட முடியாதவரைக் குதிரையில் குலுக்கிக்கொண்டு டவுன் வரைக்குமா? நான் உள்ளே போய் எண்ணெய்த்துணியோடு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தேன். மெதெரின் கண் முன்னால் தரையில் விரித்தேன். அவரால் பேச முடியவில்லை. விரலால் காட்டினார். முதலில் அந்தச் சின்ன ஊசி. அது இல்லாவிட்டால் பெட்ரோல் நிற்காமல் வழிந்து எஞ்சினை மூழ்கடித்துவிடும். பிறகு மிதவை. மூடி. திருகாணிகள். நான் ஒன்றை மாற்றிப் போடப் போனபோது கையை உயர்த்தித் தடுத்தார். கை திரும்பக் கீழே விழுந்தது. நான் பார்க்காத மாதிரி முடுக்கினேன்.

கார்புரேட்டரை எஞ்சின் மேல் வைத்து இறுக்கிக்கொண்டே, "அந்தக் கேனைக் கார் கூரை மேல கட்டுங்க" என்றேன். இடையில் ஜூரா அக்காவை வைத்துப் பேச எனக்கு நேரம் இல்லை. பெயரையே சொல்லியாகிவிட்டது, இனி என்ன.

"பம்பு இல்லாம எப்படி ஓடும்?" என்றார் மூத்தார்.

"மேல இருந்து கீழ தண்ணி ஓடுமா, ஓடாதா?"

அவர் போய்க் குதிரையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தார். நிரம்பியிருந்த கேனைத் தூக்கிக் கூரை மேல் வைத்துக் கட்டினார். இரண்டு பக்கக் கதவு வழியாகவும் கயிற்றைச் சுற்றி இழுத்தார். முடிச்சுப் போடத் தெரிந்த கை, அதில் குறை சொல்ல முடியாது. கேனின் அடியில் இருந்த மூக்கில் குழாயை மாட்டி, கண்ணாடி மேலாகக் கொண்டு வந்து, பானட்டின் இடுக்கு வழியாக இறக்கி, நேரே கார்புரேட்டரில் செருகிக் கம்பியால் முறுக்கினேன். ஒழுகினால் சூடான எஞ்சின் மேல்தான் ஒழுகும். தீப்பிடித்தால் நாலு பேரும் போவோம். அதையும் யோசித்தேன், பானட்டையும் மூடினேன்.

சாவியைத் திருப்பினேன். உறுமி, செத்தது. மறுபடி. செத்தது. பின் சீட்டில் ஜூரா அக்கா மடியில் சாய்ந்திருந்த மெதெரின் விசில் மூச்சு மட்டும் கேட்டது. மூன்றாவது தடவை எஞ்சின் பிடித்தது. சத்தமாகத்தான் ஓடியது. அந்தச் சத்தத்தை நான் இத்தனை நாள் திட்டியிருக்கிறேன்.

மூத்தார் முன்சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டுக் கேனைப் பிடித்துக்கொண்டார். பாதையெல்லாம் சேறு. மலையிலிருந்து இறங்கும் காற்று கத்தி மாதிரி அறுத்தது. அவர் கையை உள்ளே எடுக்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஓதுகிறாரா, என்னைச் சபிக்கிறாரா என்று நான் கேட்கவில்லை.

பாலத்துக்கு முன்னால் எஞ்சின் திக்கியது. மறுபடி திக்கி, நின்றுவிட்டது. நான் ஓடிப்போய் பானட்டைத் திறந்தேன். குழாயில் பெட்ரோல் இல்லை. கேன் கனமாகத்தான் இருந்தது. எங்கே தப்பு, ஊசியிலா, மிதவையிலா? கேட்கலாமென்று திரும்பினால் மெதெரின் கண் மூடியிருந்தது. ஜூரா அக்கா அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மேலே பார்த்தேன்.

"மூடிய இறுக்கிட்டீங்களா?"

"சிந்தாம இருக்கட்டும்னு..."

"திறங்க! காத்து போகாம பெட்ரோல் எப்படி இறங்கும்!"

திறந்தார். கேன் மூச்சு விட்டது. குழாயில் பெட்ரோல் இறங்கியது. அதன் பிறகு வழி முழுவதும் அது சிந்திக்கொண்டே வந்தது, அவர் சட்டைக் கை முழுவதும் நனைந்தது. பிடித்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் மெதெரை உள்ளே கொண்டுபோனார்கள். மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் ஒரு இளம் பெண். வெளியே வந்து கேட்டாள்.

"வாந்தி எடுத்தாரா? யாராவது எடுக்க வச்சீங்களா?"

மூத்தார் தொப்பியைக் கையில் எடுத்து அதன் ஓரத்தைப் பார்த்தார். "தானா எடுத்தான்" என்றார்.

டாக்டர் எழுதப் போனாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுதுவதை வைத்துத்தானே மருந்து கொடுப்பாள்?

"இல்லங்க. அய்ரான் குடுத்து எடுக்க வச்சோம். ஒரு தடவை" என்றேன். "வச்சார்" என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். அவர் நனைந்த சட்டையோடு நடுங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் "வச்சோம்" என்று வந்துவிட்டது.

"ரெண்டாவது தடவையும் எடுக்க வச்சிருந்தா நீங்க இங்க வர வேண்டிய வேலையே இருந்திருக்காது" என்றாள் டாக்டர். "இப்பவும் நான் எதுவும் சொல்ல முடியாது. நெஞ்சுல இறங்கியிருக்கு. காய்ச்சல் வரும். பாப்போம்."

மூத்தார் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்து வெளியே போனார். நான் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவது?

காய்ச்சல் வந்தது. கொதித்தது. நான் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மார்பு ஏறாவிட்டால் நான் என்ன ஆவேன் என்று யோசித்தேன். விதவை, அதோடு மூத்தாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள். இரண்டில் எதை ஊர் முதலில் சொல்லும் என்றும் யோசித்தேன். அந்த நேரத்தில்கூட அந்த யோசனை வந்ததே என்று என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

ஊர் எதைச் சொன்னது என்பதை ஜூரா அக்கா சூப்போடு சேர்த்துக் கொண்டு வந்தாள். "பெட்ரோலைப் பத்தி யாரும் பேசல. நீ பேர் சொன்னதுதான் பேச்சு. சம்பந்தி வீடு வரைக்கும் போயிருச்சு. இப்படிப்பட்ட மருமகள் இருக்குற குடும்பமான்னு கேட்டாங்களாம்."

"யாரு சொன்னா அவங்களுக்கு? முற்றத்துல நீங்க மட்டும்தானே இருந்தீங்க?"

அக்கா சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றுவதில் மும்முரமாகிவிட்டாள்.

காய்ச்சல் இறங்கிய காலையில் டாக்டர் மெதெரின் முதுகில் காதுக்குழாயை வைத்துக் கேட்டு, முதல்முறையாகச் சிரித்தாள். கொஞ்சம் பேசலாம், அதிகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். முந்தைய சாயங்காலம் அண்ணன் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தேன். உதடு உலர்ந்திருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு வாங்கினார்.

"ஐனாஷ்... அண்ணனை... பேர் சொல்லிக் கூப்பிட்டியாமே?"

நான் போர்வையை அவர் கழுத்து வரை இழுத்துவிட்டேன்.

"எல்லார் முன்னாலயும்... வீட்டுக்குப் போனதும்... குனிஞ்சு... மன்னிப்பு கேட்டுடு."

அந்தப் பாழாய்ப்போன காரைப் பூட்டி, சேற்றில் ஓட்டி, தெருவில் மானத்தைப் போட்டுவிட்டு நான் மீட்டுக்கொண்டு வந்த மூச்சு அது. அதில் அவர் பேசிய முதல் பேச்சு இது. எழுந்து வெளியே போய்விடலாம் என்று இருந்தது. அந்தக் குழாயை மூக்கிலிருந்து பிடுங்கி எறியலாம் என்றும் இருந்தது. பொய் சொல்லவில்லை. ஆனால் போர்வைக்குக் கீழே மார்பு ஏறிக்கொண்டிருந்தது, இறங்கிக்கொண்டிருந்தது. விசில் இல்லாமல்.

"கேக்கறேன்" என்றேன். "தரையில தலை படுற மாதிரி குனிஞ்சு கேக்கறேன். ஆனா நீங்களும் ஒண்ணு கேட்டுக்கங்க. திரும்ப அவங்க கை உங்க தொண்டைக்குள்ள போச்சுன்னா, திரும்பப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். ஊர் முழுக்கக் கேக்குற மாதிரி கூப்பிடுவேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருமல் வந்துவிட்டது. கண்ணில் நீர் திரண்டது. அது இருமலால் வந்ததா வேறெதனாலா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு கையால் முதுகைத் தாங்கி, இன்னொரு கையை மார்பின் மேல் வைத்தேன். இருமல் அடங்கி, அடுத்த மூச்சு உள்ளே போகும் வரைக்கும் நான் மூச்சு விடவில்லை.